வெர்னீஸ் ஓஸ்ட்பியின் மென்மையான மறுப்பு

வெர்னீஸ் ஓஸ்ட்பிக்கு அரசியலில் செல்வாக்கு வந்தது அவர் செத்துப்போன பிறகுதான். உயிரோடு இருந்தவரை விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு பனி அள்ளும் வண்டியைக்கூட அவரால் நாலடி நகர்த்த முடிந்ததில்லை. செத்த நாலே மாதத்தில் இரண்டு ஆளுநர் வேட்பாளர்கள் அவர் முன்னால் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள். எங்கள் மெல்ரிக் ஊரில் இந்தக் கதையை யாரும் மிகைப்படுத்திச் சொல்வதில்லை. மிகைப்படுத்த இடமே வைக்காமல் அது நடந்துவிட்டது.

நவம்பரில் அடக்கம். டிசம்பரில் ஒரு சாயங்காலம், அவர் கணவர் லைல் ஓஸ்ட்பி பட்டாணி சூப்பை அடுப்பிலிருந்து இறக்கும்போது சமையலறைச் சுவரில் இருந்த தொலைபேசி அடித்தது.

"வணக்கம் சார். கிரிம்ஸ்டெட் மக்கள் நாடி நிலையத்துலேருந்து தாஷா பேசுறேன். வெர்னீஸ் மேடம் இருக்காங்களா?"

"இல்லம்மா. அவ செத்துட்டா."

மறுமுனையில் எதையோ தட்டுகிற சத்தம்.

"சரிங்க சார். எப்ப வருவாங்க?"

"எங்கேருந்து?"

"நீங்க சொன்னீங்கல்ல... அங்கேருந்து."

"வரமாட்டாம்மா."

"இந்த வாரம் வரமாட்டாங்களா, இல்ல பொதுவாவே வரமாட்டாங்களா?"

லைல் முப்பத்தைந்து வருஷம் பால் லாரி ஓட்டியவர். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லித்தான் பழக்கம். "பொதுவாவே," என்றார்.

"அப்ப சாயங்காலமா கூப்பிட்டா அவங்களுக்கு வசதியா இருக்குமா சார்?"

அந்தப் பெண்ணைக் குறை சொல்லிப் பயனில்லை. அவள் முன்னால் இருந்த திரையில் 'ஆள் கிடைத்தார்', 'மென்மையான மறுப்பு' என்று இரண்டே கட்டங்கள். குளித்துக்கொண்டிருக்கிறார், மாட்டுக்குத் தீவனம் வைக்கிறார், மெக்சிகோ போயிருக்கிறார், செத்துவிட்டார் எல்லாமே நிலையத்தின் பார்வையில் மென்மையான மறுப்புதான். மென்மையாக மறுத்தவரைத் திரும்பக் கூப்பிட வேண்டும் என்பது விதி. கூப்பிட்டார்கள். கிறிஸ்துமஸ் வரை ஒருநாள் விடாமல் கூப்பிட்டார்கள். கிறிஸ்துமஸ் அன்றைக்கு மட்டும் வாழ்த்தும் சேர்த்துச் சொன்னார்கள், மேடத்திடம் தெரிவிக்கும்படி.

வெர்னீஸ் பதினோரு வருஷம் அந்தக் கருத்துக்கணிப்பு நிலையத்தின் உறுப்பினர். பள்ளிக்கூடச் சமையலறையில் உருளைக்கிழங்கு மசித்துப் போட்ட காலம் முழுக்க அவரை யாரும் எதையும் கேட்டதில்லை. 'இன்னும் கொஞ்சம் கிரேவி இருக்கா' என்பதைத் தவிர. ஓய்வு பெற்ற பிறகு திடீரென்று நாடே மாதம் ஒருமுறை கூப்பிட்டு, ஆளுநர் எப்படி, சாலை எப்படி, பெட்ரோல் விலை எப்படி, பள்ளி வரி எப்படி என்று கேட்க ஆரம்பித்தது. வெர்னீஸ் தொலைபேசியின் நீண்ட கம்பியை இழுத்துக்கொண்டு துணி துவைக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். உறுப்பினர் தனிமையில்தான் பதில் சொல்ல வேண்டுமாம். அரை மணி கழித்து, முகம் சிவந்து வெளியே வருவார்.

"என்ன சொன்னே?" என்பார் லைல்.

"அது எனக்கும் நாட்டுக்கும் நடுவுல," என்பார் வெர்னீஸ்.

இப்போது நாடு கூப்பிடுகிறது, வெர்னீஸ் இல்லை. ஒவ்வொரு மணியடிப்பிலும் ஒரு நொடி, அந்த ஒரே நொடி, வெர்னீஸ் அடுத்த அறையிலிருந்து வந்து எடுப்பார் என்று லைலின் காது காத்திருக்கும். பிறகு அவரே எழுந்துபோய் எடுத்து, மனைவி செத்துப்போன செய்தியை மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும். அவர் விரும்பியது ஒன்றே ஒன்றுதான். வெர்னீஸை நிலையத்தின் உறுப்பினர் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, அவளை முழுசாகச் சாகவிட வேண்டும்.

ஜனவரியில் நிலையம் கார்விஸ் பெல்ச்சரை அனுப்பியது.

மறுத்தவர்களை மனம் மாற்றுவதில் மத்திய மேற்கு மாநிலங்களிலேயே அவரை மிஞ்ச ஆளில்லை. கெனோஷா நகரில் வீடு எரிந்துகொண்டிருந்த ஒருவரிடம் தீயணைப்புச் சேவை பற்றிய கருத்தை அங்கேயே, அந்த வெளிச்சத்திலேயே எழுதி வாங்கியவர். பிரசவ வலியில் இருந்த பெண்ணிடம் மருத்துவக் காப்பீடு பற்றிப் பத்துக் கேள்வி கேட்டு, பதினோராவது கேள்விக்குப் பிறந்த குழந்தையையும் உறுப்பினராகச் சேர்த்தவர். கம்பளிக் கோட்டும் பனிக்காலணியுமாக வந்து, லைலின் கையில் ஒரு குளிர்பதனப் பெட்டிக் காந்தத்தை வைத்து அழுத்தினார். 'உங்கள் கருத்தே நாட்டின் மூச்சு' என்று அதில் எழுதியிருந்தது.

"மேடம் எங்கே இருக்காங்க?"

லைலுக்கு அலுத்துப்போயிருந்தது. "வாங்க, காட்டறேன்," என்று வண்டியை எடுத்தார்.

லூத்தரன் தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் முழங்கால் அளவு பனி. பெல்ச்சர் கொஞ்சமும் தயங்கவில்லை. கல்லின் மேலிருந்த பனியைக் கையுறையால் துடைத்து, பெயரைச் சரிபார்த்து, ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்தார்.

"வெர்னீஸ் மேடம், குளிர்ல தொந்தரவு பண்றதுக்கு மன்னிக்கணும். பதினைஞ்சு நிமிஷம்தான் ஆகும். நம்ம மாநிலத்தோட பொருளாதாரம் சரியான பாதையில போகுதா, தப்பான பாதையில போகுதா?"

காற்று ஒன்றும் சொல்லவில்லை. ஓக் மரத்திலிருந்து ஒரு கை அளவு பனி சரிந்து கல்லின் பின்பக்கம் விழுந்தது. பெல்ச்சர் குறித்துக்கொண்டார்.

"என்ன எழுதறீங்க?" என்றார் லைல்.

"யோசிக்கிறாங்கன்னு."

"அவ செத்துட்டாய்யா."

பெல்ச்சர் தலையைத் தூக்கிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கேலி இல்லை. அனுபவம்தான் இருந்தது. அதுதான் பயமாக இருந்தது என்று லைல் பிற்பாடு சொன்னார்.

"மிஸ்டர் ஓஸ்ட்பி, முப்பது வருஷமா இதே தொழில்ல இருக்கேன். செத்தவங்களுக்கும் யோசிக்கிறவங்களுக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியும். செத்தவங்க போனை வச்சிடுவாங்க. இவங்க வைக்கல. கேட்டுக்கிட்டிருக்காங்க."

சட்டென்று லைலுக்கும் அப்படித்தான் தோன்றிவிட்டது. பனிக்கு அடியில், மண்ணுக்கு அடியில், வெர்னீஸ் தலையைச் சற்றுச் சாய்த்து, யாராவது ஏதாவது கேட்கும்போது சாய்ப்பாரே அப்படிச் சாய்த்து, கேட்டுக்கொண்டிருப்பதாக. பெல்ச்சர் கேள்விகளை எல்லாம் கேட்டு முடிக்கும்வரை இரண்டு ஆண்களும் அங்கேயே நின்றார்கள். ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் விதிப்படி காத்திருந்தார்கள்.

பிப்ரவரியில் விஷயம் வெளியே வந்தது. வெள்ளிக்கிழமை, டுவேன் ஸ்டிபிச்சின் மதுக்கடையில் மீன் வறுவல் நாள். ஊரே அங்கே இருந்தது. தொலைக்காட்சியில் மக்கள் நாடி நிலையத்தின் மாதாந்தர முடிவு ஓடியது. கிராமப்புறத்தில் வசிக்கும், அறுபத்தைந்து தாண்டிய, கல்லூரி போகாத, தேர்தலுக்குத் தேர்தல் கட்சி மாறி ஓட்டுப் போடும் பெண்களிடம் பொருளாதார நம்பிக்கை ஏழு புள்ளி உயர்ந்திருக்கிறதாம்.

அந்த வகையில் நிலையத்திடம் இருந்த ஒரே ஆள் வெர்னீஸ் என்பது ஊருக்கே தெரியும். உறுப்பினராகிப் பத்து வருஷம் நிறைந்தபோது 'தன் வகையின் ஒரே குரல்' என்று எழுதிய காபிக் கோப்பை ஒன்றை அனுப்பியிருந்தார்கள்.

"டேய் லைல், அது நம்ம வெர்னீஸ்டா!" என்று கத்தினார் டுவேன். "நவம்பர் வரைக்கும் இந்த நாட்டுல எதையுமே நம்பாதவ. உன்னை விட்டுப் போனதும் நம்பிக்கை எப்படி ஏறியிருக்கு பாத்தியா?"

கடை முழுக்கச் சிரித்தது. லைலும் சிரித்தார், சிரிக்காவிட்டால் இன்னும் இரண்டு சொல்வார்கள் என்பதற்காக. ஆனால் மீனைத் தொடாமல் தட்டைத் தள்ளிவைத்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் அடக்கித்தான் சொல்கிறேன். தேர்தல் ஒரு இழை வித்தியாசத்தில் நின்றது. அந்த இழை எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் மூன்றாவது வரிசையில் கிடந்தது. முதல் வேட்பாளர் ஒரு செவ்வாய்க்கிழமை ஒலிபெருக்கியோடு வந்து, "வெர்னீஸ், நீங்க சொல்றது என் காதுல விழுது!" என்று முழங்கினார். இரண்டாவது வேட்பாளர் வியாழக்கிழமை வந்து, "வெர்னீஸ், நீங்க சொல்லாததும் என் காதுல விழுது!" என்றார். இரண்டு பேரும் கல்லின் இரண்டு பக்கமும் தங்கள் பெயர்ப் பலகையை நட்டுவிட்டுப் போனார்கள். அவர்கள் ஒருவர் பலகையை ஒருவர் பிடுங்காமல் இருக்க மாவட்ட நிர்வாகமான கவுன்டி ஒரு காவலரை நிறுத்தியது. பிடுங்கியது காவலர்தான் என்று இரண்டு கட்சிகளும் கூறின. பிடுங்கியது காற்று.

பனி கொட்டும் காலைகளில் அள்ளும் வண்டி முதலில் கல்லறைத் தோட்டத்துக்குப் போய், கருந்தார் தெரியும்வரை சுரண்டி, உப்புத் தூவி, அந்த அழகை ஒருமுறை நின்று பார்த்துவிட்டுத்தான் உயிரோடு இருப்பவர்களின் தெருக்களுக்கு வந்தது. வெர்னீஸோடு வளர்ந்த ஆர்டிஸ் ஹோவ்லண்ட் கவுன்டி அலுவலகத்துக்குப் போன் போட்டு, "என் தெருவுக்கு எப்ப வரும்?" என்று கேட்டதற்கு, "உங்க வீட்ல யாராவது செத்திருக்காங்களாம்மா?" என்று மரியாதையாகவே கேட்டார்களாம்.

அவசர ஊர்தி விஷயத்தில் மட்டும் லைலுக்குச் சிரிப்பு வரவில்லை. பணமில்லை என்று எங்கள் ஊரின் ஊர்தி நிலையத்தை மூடிவிட்டிருந்தார்கள். நவம்பரில் வெர்னீஸ் சமையலறைத் தரையில் விழுந்தபோது ஊர்தி அடுத்த கவுன்டியிலிருந்து வரவேண்டியிருந்தது. வந்து சேர்ந்தபோது லைல் வெர்னீஸின் கண்களை மூடிவிட்டிருந்தார். 'அவசர மருத்துவச் சேவை: கொஞ்சமும் திருப்தி இல்லை' என்று வெர்னீஸ் வருஷக்கணக்காகச் சொல்லிவந்தது இப்போது எல்லோர் கண்ணிலும் பட்டது. மார்ச் முதல் வாரத்தில் புத்தம்புது ஊர்தி ஒன்று வந்தது. அதை எங்கே நிறுத்துவது என்று கவுன்டி வாரியம் கூடி விவாதித்து, யாருடைய அதிருப்தியோ அவருக்கு அருகிலேயே நிறுத்துவது என்று ஒருமனதாக முடிவு செய்தது. வெர்னீஸின் கல்லுக்கு எதிரே, விளக்கு சுழன்றபடி, எந்த நிமிஷமும் கிளம்பத் தயாராக அது நின்றது. உள்ளே இரண்டு இளைஞர்கள் சூடேற்றியைப் போட்டுக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

லைல் அதைப் பார்த்த அன்றே நிலையத்தின் அலுவலகம் இருக்கும் மில்வாக்கிக்கு வண்டியைக் கிளப்பினார். பையில் இறப்புச் சான்றிதழ்.

நிலையத்தின் இயக்குநர் டாக்டர் எல்வுட் பிரிம் மெல்லிய குரல்காரர். சான்றிதழை வாங்கி, இரண்டு பக்கமும் பார்த்து, அனுதாபத்தோடு திருப்பிக் கொடுத்தார்.

"மிஸ்டர் ஓஸ்ட்பி, மரணத்து மேல எங்களுக்கு எந்த விரோதமும் கிடையாது. தனிப்பட்ட முறையில நான் அதை ஆதரிக்கிறவன். ஆனா மரணங்கறது ஒரு பதில் இல்ல. பதிலின்மை. அதை அப்படியே விட்டா ஜனநாயகத்துல ஓட்டை விழும். அந்த ஓட்டை மேல நாங்க ஒரு பலகையைப் போடறோம். உங்க மனைவிதான் அந்தப் பலகை."

"அவ பேசலியே. அப்புறம் எப்படி அவ கருத்துன்னு போடறீங்க?"

"பதினோரு வருஷம் பேசியிருக்காங்களே! அதை வச்சு, இப்ப இருந்தா என்ன சொல்லுவாங்கன்னு கணக்குப் போட்டுடறோம். பாக்கறீங்களா?"

அறை விளக்கை அணைத்தார். சுவரில் ஒரு பெரிய திரை ஒளிர்ந்தது. அதில் ஒரு நீலக் கோடு இடமிருந்து வலமாக, மலையும் பள்ளமுமாகத் துள்ளிக்கொண்டு வந்தது.

"இவங்கதான் உங்க மனைவி," என்றார் பிரிம்.

லைல் தன்னை அறியாமல் தொப்பியைக் கழற்றினார்.

"இந்த இடம் நவம்பர்." கோடு அங்கே சட்டென்று அமைதியாகி, வழவழவென்று மேலே ஏறத் தொடங்கியது. அதைச் சுற்றி ஒரு சாம்பல் நிற நிழல் பிறந்து, போகப்போக அகன்றுகொண்டே போனது, குளிர்காலத்தில் வாயிலிருந்து வரும் புகைபோல.

"அந்தப் புகை என்ன?"

"பிழை வரம்பு. உங்க மனைவி சரியா எந்த இடத்துல இருக்காங்கன்னு எங்களால சொல்ல முடியாது. ஆனா இந்தப் புகைக்குள்ள எங்கேயோ இருக்காங்க. தொண்ணூத்தஞ்சு சதவீதம் நிச்சயம்."

லைல் பக்கத்தில் போய்ப் பார்த்தார். புகை மெல்ல அகன்றபடி இருந்தது.

"உண்மையச் சொல்லணும்னா," பிரிம் தொடர்ந்தார், "உயிரோட இருந்தப்ப மேடம் கொஞ்சம் நிலையில்லாதவங்க. ஒரு மாசம் கோபம், ஒரு மாசம் சிரிப்பு. முட்டை விலை ஏறினா ஆளுநரையே மாத்தணும்பாங்க. இப்பதான் ஒழுங்கான உறுப்பினரா ஆகியிருக்காங்க. விதிக்காகக் கூப்பிடறதோட சரி, பதிலுக்குக் காத்திருக்க வேண்டியதில்ல, செலவும் இல்ல. சொல்லப்போனா எங்க உறுப்பினர் எல்லாருமே இந்த அளவுக்கு ஒத்துழைச்சா..." அங்கே நிறுத்தி, ஜன்னல் வழியே மில்வாக்கியில் நடமாடிக்கொண்டிருந்த மக்களை ஆசையோடு பார்த்தார்.

"அவளை எடுத்துடுங்க சார். நான் வேற எதுவும் கேக்கல."

"எடுத்தா அவங்க மட்டும் போகமாட்டாங்க. அவங்களை மாதிரிப் பெண்கள் முப்பத்தோராயிரம் பேர் இந்த மாநிலத்துல இருக்காங்க. ஒருத்தர்கூடப் போனை எடுக்கறதில்ல. அத்தனை பேரும் உங்க மனைவிக்குப் பின்னால நிக்கறாங்க. அவங்களை மாதிரி உயிரோட ஒரே ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க, அன்னிக்கே வெர்னீஸ் மேடத்தை விட்டுடறேன்."

"சான்றிதழ் போதாதா?"

"ஒரே ஒரு மருத்துவர் சொன்னது." பிரிம் வருத்தமாகத் தலையசைத்தார். "மாதிரி அளவு ஒண்ணு. எங்க தொழில்ல அதை வச்சு எதையும் சொல்ல முடியாது. ஆனா நீங்க இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க. மக்கள்கிட்டயே கேட்டுடறேன்."

திரும்பி வரும்போது சாயங்காலம் இருட்டத் தொடங்கியிருந்தது. சாலையின் இரு பக்கமும் சோளம் அறுத்த வயல்கள். பனிக்கு மேலே தட்டைகள் வரிசை வரிசையாக நீட்டிக்கொண்டு நின்றன. லைல் இந்தச் சாலையில் ஆயுளில் பாதியை ஓட்டியவர். இன்றைக்கு அவை தட்டைகளாக இல்லை. குளிர்கால மேலங்கி போட்ட பெண்கள். தொடுவானம் வரைக்கும், வயதான பெண்கள், கைப்பையை முன்னால் பிடித்துக்கொண்டு, ஒரே பக்கமாகத் தலையைச் சாய்த்து, யாராவது கேட்பார்கள் என்று நின்றிருந்தார்கள். முன்விளக்கு வெளிச்சம் படப்பட ஒவ்வொரு முகமும் வெர்னீஸாகி, பிறகு இருளில் போனது. லைல் ரேடியோவைப் போட்டார். அதிலும் கருத்துக்கணிப்புதான்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் காபி நேரம். வெர்னீஸோடு வளர்ந்த பெண்கள் சுற்றி உட்கார்ந்திருக்க, லைல் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். "உங்கள்ல ஒருத்தர், ஒரே ஒருத்தர், போனை எடுத்துப் பதில் சொன்னாப் போதும். அவளை விட்டுடுவாங்க."

"தெரியாத நம்பரை யார் எடுப்பா, லைல்?" என்றார் ஆர்டிஸ். "எடுத்தா கார் உத்தரவாதம் விக்கிறான். இல்லேன்னா என் பேரன் ஜெயில்ல இருக்கான்னு அழுவுறான். எனக்குப் பேரனே கிடையாது."

"அரை மணி நேரம்தான் ஆர்டிஸ். சாலை எப்படி, வரி எப்படின்னு கேப்பாங்க. உனக்குத்தான் எல்லாத்துலயும் ஒரு கருத்து இருக்கே."

"இருக்கு. அது இந்த மேசையில சொல்றதுக்கு. நாட்டுக்கு எதுக்கு?" ஆர்டிஸ் காபியைக் கலக்கிக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். "இதப் பாரு. மூடின நாள்லேருந்து அந்த ஊர்தி வேணும்னு நாங்களும் கத்தினோம். உயிரோட கத்தினவரைக்கும் எவன் காதுல விழுந்துது? வெர்னீஸ் செத்துப்போயி வாங்கிக் குடுத்துட்டா. அவ நமக்காகப் பேசறா. நடுவுல போயி கெடுக்காத."

"அவ பேசல ஆர்டிஸ். அதுதான் சொல்றேன்."

"பேசலேன்னா இன்னும் நல்லாத்தான் பேசறா."

மற்றவர்கள் தலையாட்டினார்கள். யாரோ லைலின் தட்டில் எலுமிச்சைக் கேக் ஒன்றை வைத்தார்கள். அதோடு முடிந்தது.

மக்களிடம் கேட்ட முடிவு மாதக் கடைசியில் வந்தது. 'வெர்னீஸ் ஓஸ்ட்பி இறந்துவிட்டார் என்று நினைக்கிறீர்களா?' இறந்துவிட்டார் என்றவர்கள் முப்பத்தெட்டு விழுக்காடு. இல்லை என்றவர்கள் நாற்பத்தாறு. மற்றவர்கள், இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது என்றார்கள். முதல் வேட்பாளரின் ஆட்கள், வெர்னீஸ் இறந்துவிட்டார் என்பது எதிரிகள் கிளப்பிய வதந்தி என்றார்கள். இரண்டாவது வேட்பாளரின் ஆட்கள், அவர் இறந்திருந்தால் அதற்கு முதல் வேட்பாளர்தான் பொறுப்பு என்றார்கள். கிராமப்புற மூத்த பெண்கள் வகையில் மட்டும் முடிவு ஒருமனதாக இருந்தது. நூறு விழுக்காடு, உயிரோடு இருக்கிறார். அந்த வகையில் கேட்கப்பட்டவர் வெர்னீஸ் ஒருவரே.

லைல் அதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, பெட்டியை அணைத்துவிட்டு, சமையலறையில் உட்கார்ந்திருந்தார். சுவரில் தொலைபேசி அடித்தது. இந்த முறை அடுத்த அறையிலிருந்து காலடிச் சத்தமே கேட்டுவிட்டதுபோல இருந்தது அவருக்கு. எழுந்து எடுத்தார்.

"வணக்கம் சார், மக்கள் நாடி நிலையத்துலேருந்து தாஷா. வெர்னீஸ் மேடம்..."

"அம்மா, உனக்குப் புண்ணியமா போகும்," என்றார் லைல். "இதுலேருந்து வெளிய வர்றதுக்கு ஒரு வழியும் இல்லியா? யாரும் இதுவரைக்கும் வந்ததே இல்லியா?"

மறுமுனையில் தட்டுகிற சத்தம் நின்றது. பிறகு அவள் எதையோ பார்த்துப் படிப்பதுபோல நிதானமாகச் சொன்னாள். "விதி என்னன்னா சார், உறுப்பினர் தானே, தன் வாயால, விலகுறேன்னு சொன்னா உடனே எடுத்துடணும். அதுக்குப் பேரு வன்மையான மறுப்பு. அதுக்கப்புறம் இயக்குநரே நினைச்சாலும் கூப்பிட முடியாது. உறுப்பினர் சொல்றதை மட்டும்தான் நாங்க எடுத்துக்கணும். பேசறவங்க தன்னை யாருன்னு சொல்றாங்களோ அதைச் சந்தேகப்பட எங்களுக்கு அனுமதி இல்ல. குரலைப் பத்தி எதுவும் கேக்கக்கூடாது."

லைல் அதை மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

"மேடம் இப்ப இருக்காங்களா சார்?" என்றாள் தாஷா, மிக மெதுவாக.

லைல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். "இருக்கா," என்றார். "கூப்பிடறேன்."

தொலைபேசியை மேசைமேல் வைத்தார். அடுப்பு வரை நடந்தார். திரும்பி வந்தார். வெட்கமாக இருந்தது. பக்கத்தில் யாருமே இல்லை என்பது அந்த வெட்கத்தை இன்னும் கூட்டியது. எடுத்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, பால் லாரி ஓட்டிய அதே கட்டைக் குரலில், "நான் வெர்னீஸ் பேசுறேன்," என்றார்.

"வணக்கம் மேடம். ரொம்ப நாளாச்சு."

"ஆமா. கொஞ்சம்... வேலையா இருந்துட்டேன். நான் விலகிக்கறேன்மா. இனிமே கூப்பிடாதீங்க."

"சரிங்க மேடம். அடையாளம் சரிபாக்க ஒரே ஒரு கேள்வி. கணினி தானா எடுத்துக் குடுக்கும், என் கையில இல்ல. நீங்க இதுக்கு முன்னாடி வழக்கமா சொன்ன பதிலையே சொல்லணும். பொருந்தினா உடனே விடுதலை. பொருந்தலேன்னா உறுப்பினரா தொடருவீங்க."

"எவ்வளவு நாளைக்கு?"

"ஆயுள் முழுக்கன்னு போட்டிருக்கு மேடம்."

லைல் பயப்படவில்லை. ஆளுநர் பற்றிக் கேட்டால் தெரியும். சாலை, வரி, முட்டை விலை, எதைக் கேட்டாலும் தெரியும். ஒரே மேசையில் உட்கார்ந்து அத்தனையையும் கேட்டவர் அவர்தானே.

"கேள்வி வந்துடுச்சு," என்றாள் தாஷா. பிறகு, "ஐயோ," என்றாள். அது கேள்வித்தாளில் இருந்திருக்காது.

"கேளும்மா."

"எல்லாத்தையும் சேத்துப் பாத்தா, வீட்ல கணவரோட உங்க வாழ்க்கை உங்களுக்கு எப்படி? ரொம்பத் திருப்தி, ஓரளவு திருப்தி, அவ்வளவா திருப்தி இல்ல, கொஞ்சமும் திருப்தி இல்ல."

லைல் வாயைத் திறந்தார். 'ரொம்ப' என்கிற சொல் நாக்குவரைக்கும் வந்தது. பெரிய ஏரியைப் பார்க்கப் போகலாம் என்று வெர்னீஸ் கோடைக்குக் கோடை கேட்டது நினைவு வந்தது. கோடையில் மாடுகளுக்கு விடுமுறை இல்லை என்று இவர் சொன்னது. சரிதான் என்று அவர் பாத்திரம் கழுவப் போனது. அந்த முதுகு. 'ஓரளவு' என்று மாற்றினார், மனசுக்குள். உடனே வேறொன்று நினைவு வந்தது. கணப்பு கெட்டுப்போன ஒரு ஜனவரி முழுக்க இருவரும் எல்லாப் போர்வையையும் போட்டுக்கொண்டு சமையலறையில் படுத்து, சிறுபிள்ளைகள்போலச் சிரித்தது. அப்படியென்றால்? அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் யாருமே அவ்வளவு சிரிக்காதது? நாலு பதிலையும் ஒவ்வொன்றாக வெர்னீஸின் வாயில் வைத்துப் பார்த்தார். நாலும் பொருந்தின. நாலும் பொருந்தவில்லை. ஆயுள் முழுக்க அவளை அந்தப் புகைக்குள் விட்டுவிடப் போகிறோம் என்று இப்போது பயந்தார்.

"மேடம்?"

லைல் தொலைபேசியைக் காது மாற்றிப் பிடித்தார்.

"மறுபடியும் ஒருதடவை வாசிக்கணும் மேடம், விதி." தாஷா நாலையும் மறுபடி வாசித்தாள். இப்போது அவள் குரலும் சரியாக இல்லை.

குளிர்பதனப் பெட்டி உறுமி, ஓய்ந்தது. லைல் கண்ணை மூடிக்கொண்டு, யாராவது காதில் சொல்ல மாட்டார்களா என்று கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டில் எந்த அறையிலிருந்தும் ஒரு சத்தம் இல்லை.

"பதில் வரலேன்னா 'சொல்ல விருப்பமில்லை'ன்னு குறிக்கணும் மேடம்," என்றாள் தாஷா. "குறிக்கட்டுமா?"

அதற்கும் அவரால் பதில் சொல்ல முடியவில்லை. ஒரு தட்டல் கேட்டது. பிறகு வெறும் இரைச்சல்.

"பொருந்துது," என்றாள்.

"என்னது?"

"பொருந்துதுங்க மேடம். விலகல் பதிவாயிடுச்சு. இனிமே யாரும் கூப்பிட மாட்டாங்க." மறுபடி தட்டுகிற சத்தம் கேட்டது. "பதினோரு வருஷமும் நீங்க இதேதான் சொல்லியிருக்கீங்க. சொல்ல விருப்பமில்லைன்னு. மத்த எல்லாக் கேள்விக்கும் பதில் இருக்கு. இது ஒண்ணுக்கு மட்டும்தான்."

தான் வெர்னீஸாகப் பேசிக்கொண்டிருந்ததை லைல் மறந்துவிட்டார். "ஏன்னு ஏதாவது சொல்லியிருக்காளாம்மா?"

"காரணம் எழுதற கட்டம் எங்ககிட்ட இல்ல, மிஸ்டர் ஓஸ்ட்பி."

இருவரும் கொஞ்ச நேரம் தொலைபேசியை வைக்காமல் இருந்தார்கள். அவள் மூக்கை உறிஞ்சினாள். பிறகு, முடிக்கும்போது கட்டாயம் வாசித்தாக வேண்டியதை வாசித்தாள். "நன்றி. கடைசியா, இன்னிக்கு நாங்க உங்ககிட்ட பேசின விதம் உங்களுக்கு எவ்வளவு திருப்தியா இருந்துது? ரொம்பத் திருப்தி, ஓரளவு திருப்தி..."

லைல் கேட்டுக்கொண்டே நின்றார். விதிப்படி எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டுமோ அவ்வளவு நேரம் அவள் காத்திருந்தாள். பிறகு அதையும் குறித்துக்கொண்டாள்.